துணைவேந்தர் தேடுதல் குழுவில் அமரப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பாரதியார் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் பதவி 2022 அக்டோபரில் காலியானது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில், அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டில். 2025 பிறந்த பிறகும் மூன்றிலும் ஒருவரும் அமரவில்லை. துணைவேந்தர் இல்லாதபோது பொறுப்பு வகிக்கும் கன்வீனர் கமிட்டிதான் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. தேடுதல் குழுவில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) உறுப்பினர் வேண்டும் என்று 2023 செப்டம்பரில் ஆளுநர் மாளிகை ஒரு குழுவை அறிவித்தது. அவர் இல்லாமல் அரசு வேறொரு குழுவை அறிவித்தது. நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் மசோதாக்கள் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் சட்டமாயின. மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது.

அந்த வழக்கைப் பற்றி எழுத இந்த மடல் இல்லை. உத்தரவில் கையெழுத்திடுவது ஆளுநர் மாளிகையோ தலைமைச் செயலகமோ, அதற்கு முன்பு சிலர் ஓர் அறையில் அமர்ந்து நூற்றுக்கும் குறையாத விண்ணப்பங்களைப் பிரித்துச் சில பெயர்களை எழுதித் தந்தாக வேண்டும். அந்தச் சிலர் நீங்கள். யார் நியமிப்பது என்று நாடே விவாதித்துவிட்டது. எதைப் பார்த்துத் தேர்வது என்று யாரும் பேசவில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஆய்வுக் கட்டுரைகளை எண்ணிக்கொண்டிருக்காமல், விண்ணப்பதாரர் இதுவரை எடுத்த நிர்வாக முடிவுகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

விண்ணப்பக் கட்டு எப்படி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்பைரல் பைண்டிங், வண்ண அட்டை, கட்டுரைப் பட்டியல், மேற்கோள் எண்ணிக்கை, வழிகாட்டிய முனைவர் பட்டங்கள், சென்றுவந்த நாடுகள், ஆளுநரோடும் அமைச்சரோடும் எடுத்த படங்கள். அதில் ஒரு கோப்புக் குறிப்புகூட இருக்காது. துறைத்தலைவராக இருந்தபோது எதை நிராகரித்தார், யாருடைய சிபாரிசைத் திருப்பி அனுப்பினார், எந்தத் தணிக்கை ஆட்சேபணைக்குப் பதில் எழுதி முடித்துவைத்தார் என்று ஒரு வரி இராது. ஆனால் பதவியேற்ற நாளிலிருந்து அவர் செய்யப்போகும் வேலையில் முக்கால்வாசி அதுதான்.

2018 யுஜிசி ஒழுங்குமுறையின் 7.3 பிரிவு சொல்வதை நினைவூட்டுகிறோம். பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக 10 ஆண்டு, அல்லது பெயர்பெற்ற ஆய்வு நிறுவனத்திலோ கல்வி நிர்வாக அமைப்பிலோ 10 ஆண்டு அனுபவம். மூன்று முதல் ஐந்து பெயர் கொண்ட பட்டியல். குழு உறுப்பினர்களுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தோடும் அதன் கல்லூரிகளோடும் எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது. கல்வித் தகுதி, வெளிநாட்டு, உள்நாட்டு உயர்கல்வி அனுபவம், நிர்வாக அனுபவம் ஆகியவற்றுக்குத் தந்த மதிப்பை எழுத்தில், பட்டியலோடு சேர்த்துத் தர வேண்டும். இந்தக் கடைசி விதியைத்தான் பல குழுக்கள் சடங்காக்கிவிட்டன. மூன்று பெயருக்கும் ‘சிறந்த கல்வியாளர், பரந்த அனுபவம் உடையவர்’ என்று ஒரே வாக்கியத்தை ஒட்டுவது காரணம் எழுதுவது ஆகாது.

விதியை மீறினால் நியமனமே கவிழும். குஜராத் சர்தார் படேல் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் நியமனத்தை 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மாநிலச் சட்டம் யுஜிசி விதிக்கு முரணானால் யுஜிசி விதியே நிற்கும் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அங்கே குழு அனுப்பியது ஒரே ஒரு பெயர், அதனாலேயே நியமனம் போயிற்று. 2023 நவம்பரில் கண்ணூர். மறுநியமனத்தில் வேந்தரான ஆளுநர் தாமே முடிவெடுக்காமல் மாநில அரசின் நெருக்கடிக்கு இடம் கொடுத்தார் என்பது காரணம். இந்த மூன்று தீர்ப்பையும் கையில் வைத்துக்கொண்டு முதல் கூட்டத்தைத் தொடங்குங்கள். தமிழ்நாட்டில் அந்தந்தப் பல்கலைக்கழகச் சட்டம் ஒன்று சொல்ல, யுஜிசி வேறொன்று சொல்வதால், எந்த அடிப்படையில் உங்கள் குழு அமைந்தது என்பதை முதல் கூட்டக் குறிப்பிலேயே பதிவு செய்துவிடுவது நல்லது.

இனி ஆளைப் பற்றி.

வா.செ.குழந்தைசாமி நீரியல் பேராசிரியர். தொழில்நுட்பக் கல்வி இயக்குநராக அரசு அலுவலகத்தில் இருந்துவிட்டுத்தான் மதுரைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகப் போனார். 1981இல் அண்ணா பல்கலைக்கழகம், மூன்று பதவிக்காலம், 1990 வரை. பிறகு இந்திராகாந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம். மால்கம் ஆதிசேஷையா 1975இல் சென்னைக்குத் துணைவேந்தராக வரும்போது யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்து முடித்தவர், சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி நடத்திக்கொண்டிருந்தவர். வேறு வகை வரலாறும் உண்டு. மு.வரதராசனார் ஆசிரியப் பணியிலிருந்து நேராக 1971இல் மதுரைக்குப் போனார், 1974இல் பதவியில் இருக்கும்போதே காலமானார். புலமை மட்டும் போதாது என்று சொல்ல வரவில்லை. குழந்தைசாமி வகைப் பயணத்தைப் பார்த்தால் கோப்புப் பழக்கம் பதவிக்கு முன்பே வந்துவிட்டது தெரியும். இன்று பெரும்பாலான விண்ணப்பதாரர்களுக்கு அந்தப் பழக்கம் துணைவேந்தர் அறைக்குள் நுழைந்த பிறகுதான் தொடங்குகிறது, அதுவும் பல்கலைக்கழகத்தின் செலவில்.

ஆ.லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். மகப்பேறு மருத்துவர். அவருக்குக் கற்றுக்கொள்ள நேரம் இருந்தது. இப்போதைய பதவிக்காலம் மூன்று ஆண்டு. 36 மாதம் என்பது காகிதத்தில். முதல் நான்கு மாதம் ஆட்களையும் நிலுவைகளையும் அறிந்துகொள்ளப் போகும். கடைசி மூன்று மாதம் நியமனம், கொள்கை முடிவு எதுவும் எடுப்பதில்லை என்பது நடைமுறை. பட்டமளிப்பு விழா, நாக் (தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று அவை) குழு வருகை, பேரவை (செனட்) கூட்டம், தலைமைச் செயலகக் கூட்டங்கள் ஆகியவற்றைக் கழித்தால் உருப்படியாக மிஞ்சுவது இரண்டு ஆண்டு.

அந்த இரண்டு ஆண்டில் ஓர் ஆசிரியர் நியமனச் சுற்றை முடிக்க முடியுமா என்று பாருங்கள். காலியிடக் கணக்கெடுப்பு, நிதித் தகுதி பற்றி நிதி அலுவலரின் குறிப்பு, எந்த இடம் எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு என்று காட்டும் 200 புள்ளி இனச்சுழற்சிப் பட்டியல், முன்பு நிரப்பாமல் விட்ட பின்னடைவுக் காலியிடங்களைப் பிரிப்பது, அரசின் இசைவு, ஆட்சிக்குழு ஒப்புதல், விளம்பரம், விண்ணப்பப் பரிசீலனை, வல்லுநர் பட்டியல், நேர்காணல், மறுபடி ஆட்சிக்குழு. எங்கேயும் சிக்கவில்லை என்றால்கூட ஓராண்டு ஓடிவிடும். சிக்கும் இடம் பெரும்பாலும் இனச்சுழற்சிதான். முந்தைய சுற்று எந்தப் புள்ளியில் நின்றது என்ற பதிவேடு துறையில் ஒன்றும் பதிவாளர் அலுவலகத்தில் ஒன்றுமாக இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாது. விளம்பரம் வந்த மறுவாரம் ரிட் மனு. இதைச் செய்து முடித்த ஒருவர் முதல் மாதத்திலேயே பதிவேடுகளை வரவழைத்து ஒப்பிடச் சொல்வார். செய்யாதவர் விளம்பரத்தை முதலில் கொடுத்துவிட்டு வழக்கறிஞரைத் தேடுவார்.

கல்லூரி இணைவு இன்னொரு பெரிய களம். கல்லூரி விண்ணப்பம் வரும், ஆய்வுக் குழு போகும், நிலம், கட்டடம், ஆய்வகம், நூலகம், ஆசிரியர் எண்ணிக்கை பார்த்து அறிக்கை எழுதும், இணைவு நீட்டிப்பு கிடைக்கும். 2024 ஜூலையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது வெளியே வந்தது. ஒரு கல்லூரிக்குப் போய்ப் பார்க்கும் ஆய்வுக் குழுவின் கண்ணில் இது படவே படாது. அங்கே அவர் நேரில் நிற்பார், சான்றிதழ் காட்டுவார், வருகைப் பதிவில் கையெழுத்து இருக்கும். எல்லாக் கல்லூரிப் பட்டியல்களையும் ஒரே அட்டவணையில் கொட்டி, பான் எண், பிறந்த தேதி, முனைவர் பட்டப் பதிவு எண் மூன்றையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் அரை நாளில் தெரிந்துவிடும். ஆதார் எண்ணில் ஓர் இலக்கம் மாற்றித் தந்திருந்தால் ஆதாரை மட்டும் வைத்துச் சரிபார்ப்பது பயன்படாது. பிறந்த தேதியும் பட்டப் பதிவு எண்ணும் சேர்ந்தால்தான் பிடிபடும். குழு கிளம்புவதற்கு முன்பே இந்த அட்டவணையைக் கேட்கும் ஆள் துணைவேந்தராக வேண்டும். அதற்கு நோபல் பரிசு தேவையில்லை.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விடைத்தாள் திருத்தியவர்களுக்கான ஊதியம் இரண்டு பருவமாக நிலுவையில் இருந்தால் மூன்றாவது பருவத்தில் திருத்தும் முகாமுக்கு ஆள் வராது. முடிவு ஜூலைக்குத் தள்ளிப்போகும். மாணவர் முதுகலைச் சேர்க்கையைத் தவறவிடுவார். பிறகு மறுமதிப்பீட்டு விண்ணப்பங்கள் குவியும். மூலக் காரணம் நிதிப் பிரிவில் ஒரு பில்லாக இருக்கும்.

எனவே நிதிக்கு வருகிறோம். நேர்காணலில் இதைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு, துணைவேந்தர்கள் விழுவதோ பெரும்பாலும் இங்கேதான்.

2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கியது. சம்பளமும் ஓய்வூதியமும் தடுமாறின. பின்னணி இதுதான்: வருமான வரிச் சட்டத்தில், அரசு முழுமையாகவோ கணிசமாகவோ நிதி தரும் பல்கலைக்கழகத்துக்கு வரிவிலக்கு உண்டு. ‘கணிசம்’ என்றால் மொத்த வரவில் அரசு நல்கை பாதிக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. தொகுப்பு நல்கை குறைந்து, தேர்வுக் கட்டணமும் தொலைதூரக் கல்விக் கட்டணமும் வரவின் பெரும்பகுதியானால், அரசுப் பல்கலைக்கழகம் என்ற பெயர் இருந்தும் அந்தப் பிரிவின் கீழ் விலக்கு கிடைக்காது. அரசு நல்கை ஏன் குறைகிறது? உள்ளாட்சி நிதித் தணிக்கையின் ஆட்சேபணைகள் தீராததால் அரசு பிடித்துவைக்கிறது. ஆட்சேபணை ஏன் தீரவில்லை? அனுமதி பெறாத பணியிடம், உரிய ஆணை இல்லாத ஊதிய நிர்ணயம் என்று பல ஆண்டுக் கணக்கு, பதில் எழுத வேண்டிய பிரிவுகள் ஒன்றையொன்று கைகாட்டுகின்றன. அதாவது பதில் எழுதப்படாத ஒரு தணிக்கைப் பத்தி சில ஆண்டுகளில் வங்கிக் கணக்கு முடக்கமாக வந்து நிற்கலாம். இந்தச் சங்கிலியை ஒரு வேட்பாளர் உங்களிடம் விளக்கிச் சொல்கிறாரா என்று பாருங்கள். சொன்னால் பிறகு கேளுங்கள்: நல்கை பாதிக்குக் கீழே போகும் என்று பட்ஜெட் மதிப்பீட்டிலேயே தெரிந்தால் அந்த ஆண்டு என்ன செய்வீர்கள்? வேறு பிரிவின் கீழ் அறநிறுவனப் பதிவுக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பது, கணக்கைத் தணிக்கை செய்து உரிய தேதிக்குள் படிவம் தாக்கல் செய்வது என்று பதில் வந்தால் அவர் வீட்டுப்பாடம் செய்தவர்.

இணைவுக் கட்டணத்துக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு என்று 2024 அக்டோபரில் சுற்றறிக்கை வந்ததையும் கேட்டுப்பாருங்கள். கல்லூரிகளிடம் வசூலிக்காமல் விட்டிருந்தால் அந்த வரி பல்கலைக்கழகத்தின் தலையில்.

பல பல்கலைக்கழகங்களில் ஓய்வூதியம் கருவூலத்திலிருந்து வருவதில்லை, சொந்த நிதியிலிருந்து போகிறது. அந்தப் பள்ளத்தைத் தொலைதூரக் கல்வி வருமானம் நிரப்பிக்கொண்டிருந்தது. மாநில எல்லைக்கு வெளியே மையம் கூடாது, நாக் மதிப்பெண் இருந்தால்தான் அனுமதி என்று யுஜிசி இறுக்கிய பிறகு அந்த வரவு சுருங்கியது. பணியில் இருப்பவரைவிட ஓய்வுபெற்றவர் எண்ணிக்கை கூடும் ஆண்டு எது என்று தெரியாமல் ஐந்தாண்டுத் தொலைநோக்குத் திட்டம் படிப்பவருக்கு, பவர்பாயிண்டை நிறுத்தச் சொல்லுங்கள்.

எதைக் கேட்டு வாங்குவது என்று இனிச் சொல்கிறோம். விளம்பரத்திலேயே மூன்று ஆவணம் கேட்கலாம். விண்ணப்பதாரர் பொறுப்பில் இருந்த பிரிவின் தணிக்கை அறிக்கையும் அதற்கு அவர் அனுப்பிய பதிலும் முதலாவது. துறைத்தலைவர், புலத்தலைவர், பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், எதுவாக இருந்தாலும் சரி. இரண்டாவது, தாம் எடுத்து எதிர்ப்பைச் சந்தித்த ஒரு நிர்வாக முடிவு, இரண்டு பக்கத்தில், ஆணை நகலோடு. மூன்றாவது, தம்மீதான வழக்கு, துறை விசாரணை, வெளியான கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றது ஆகியவை பற்றிய உறுதிமொழி. அது பொய் என்று பின்னால் தெரிந்தால் நியமனம் செல்லாது என்ற வாசகம் அதில் இருக்கட்டும். கட்டுரைகளில் ஐந்தை மட்டும் முழுமையாகக் கேளுங்கள். முந்நூறு கட்டுரைப் பட்டியலைவிட ஐந்து கட்டுரையைப் படிப்பது ஆளைக் காட்டும்.

பத்துப் பேராகச் சுருக்கியபின், இருபது நிமிட நேர்காணலுக்கு முன்பு ஒரு மணி நேரம் தனியறையில் கோப்பு கொடுங்கள். பெயர்களை மறைத்த மூன்று கோப்பு நகல்: ஓர் இணைவு நீட்டிப்பு, ஒரு பணி மேம்பாடு, ஒரு கொள்முதல். கோப்பு என்றால் உதவியாளர் குறிப்பிலிருந்து கண்காணிப்பாளர், துணைப் பதிவாளர், பதிவாளர் வரை எல்லாக் குறிப்பும், கடைசியில் ‘ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது’ என்ற வரியும் இருக்க வேண்டும். அதன் கீழே அவர் கையால் ஆணை எழுதட்டும். எழுதுவது நான்கு வகையாக இருக்கும். ‘பேசவும்’ என்று எழுதித் திருப்புவார் ஒருவர். எந்தப் பல்கலைக்கழகத்தின் கிடப்பில் உள்ள கோப்புகளையும் புரட்டுங்கள், இந்த ஒற்றைச் சொல் எத்தனை மாதத்தை விழுங்கியிருக்கிறது என்பது தெரியும். ‘விதிப்படி செய்க’ என்பார் இன்னொருவர், எந்த விதி என்று சொல்லமாட்டார். ‘ஒப்புதல்’ என்று முதல் பக்கம் புரட்டாமலே கையெழுத்திடுவார் மூன்றாமவர். நான்காமவர் கொள்முதல் கோப்பில் மூன்று விலைப்புள்ளியும் ஒரே அச்சு வடிவத்தில் இருப்பதைக் கவனித்து, மூன்று நிறுவனத்தின் ஜிஎஸ்டி பதிவு முகவரியையும் கேட்டு எழுதுவார். அவரை அறைக்குள் அழையுங்கள்.

உறுப்பினர்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். விண்ணப்பதாரரின் முனைவர் பட்ட வழிகாட்டி, இணைக் கட்டுரையாளர், அவர் வாய்மொழித் தேர்வுக்கு அழைத்த வெளித் தேர்வாளர், இவர்களெல்லாம் குழுவில் உட்கார்ந்திருப்பது வழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டுக் கல்வி வட்டம் சிறியது, தவிர்க்க முடியாது என்பார்கள். வெளிமாநிலத்தில் ஆளே இல்லையா? பெயர்ப்பட்டியல் கைக்கு வந்ததும் ஒவ்வொரு உறுப்பினரும் தமக்குத் தொடர்புடைய விண்ணப்பதாரர் யார் யார் என்று எழுதித் தாருங்கள். அந்தப் பெயர் வரும்போது வெளியே போய்விடுங்கள். சிபாரிசுத் தொலைபேசி வந்தால் தேதி, நேரத்தோடு கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள். ஒரே ஒரு முறை ஏற்றிப் பாருங்கள், இரண்டாவது அழைப்பு வராது.

கடைசியாகக் காலம். பதவிக்காலம் முடியும் தேதி நியமன ஆணையிலேயே இருக்கிறது. ஆனாலும் குழு அமைக்கும் அரசாணை பெரும்பாலும் அந்தத் தேதிக்கு ஒட்டியோ, அது தாண்டியோதான் வருகிறது. பேரவையும் ஆட்சிக்குழுவும் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க இரண்டு மாதம், விளம்பரத்துக்கும் விண்ணப்பத்துக்கும் ஒன்றரை மாதம், பரிசீலனைக்கும் சரிபார்ப்புக்கும் ஒன்றரை மாதம், கோப்புத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் இரண்டு வாரம், நியமிக்கும் அதிகாரியின் முடிவுக்கு இரண்டு வாரம். ஆக ஆறு மாதம். நாற்காலி காலியாவதற்கு எட்டு மாதம் முன்பே குழுவை அமைக்கச் சொல்லி நீங்களே வேந்தருக்கும் உயர்கல்வித் துறைக்கும் எழுதுங்கள். அந்தக் கூடுதல் இரண்டு மாதத்தில், தேர்வானவர் பதவியேற்கும் முன்பே பழையவரோடு உட்கார்ந்து நிலுவைப் பட்டியலை வாங்கிக்கொள்ளட்டும்: நீதிமன்ற வழக்குகள் அடுத்த விசாரணைத் தேதியோடு, தீராத தணிக்கைப் பத்திகள் தொகையோடு, செலுத்த வேண்டிய ஓய்வுக்காலப் பலன்கள் பெயர் வாரியாக, இணைவு முடியும் கல்லூரிகள் தேதி வாரியாக.

பட்டியலை அனுப்பும் நாளில், ஒவ்வொரு பெயருக்கும் நீங்கள் எழுதிய காரணத்தைப் பல்கலைக்கழக இணையதளத்தில் வெளியிடவும் பரிந்துரை செய்யுங்கள். ஒரு பெயருக்கு ஒரு பக்கம் போதும்.

இப்படிக்கு,
மாநிலப் பல்கலைக்கழகங்களின் கல்வி, தேர்வு, நிதிப் பிரிவுகளில் பணியாற்றி ஓய்வுபெற்றோர் சிலர்